மேடு பள்ளம் பார்க்கும் மென்பொருள்

போன பொங்கலுக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். சினிமாவுக்கும் வீடியோ விளையாட்டுக்கும் கணினியில் காட்சி அமைக்கிற படிப்பு படிக்கிறான். கரும்பைக் கடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, "தாத்தா, இந்த மலையைப் பாருங்க" என்றான். பனி மூடிய மலை. அடிவாரத்தில் ஏரி. ஏரித் தண்ணீரில் மலையின் நிழல் ஆடுகிறது.

"எந்த ஊருடா இது, சுவிட்சர்லாந்தா?"

"எந்த ஊரும் இல்ல தாத்தா. நேத்து ராத்திரி நான் செஞ்சது."

எனக்கு வாய் பிளந்துவிட்டது. "அப்படின்னா நம்ம ஊரைச் செஞ்சு காட்டு பார்க்கலாம்" என்றேன். அரை மணி நேரம் தட்டினான். திரையில் வந்தது ஒரு தோசைக்கல். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரும், அதன் ஏரியும், கரையும், கலங்கலும் எல்லாம் ஒரே சப்பை.

"டேட்டா அப்படித்தான் தாத்தா இருக்கு. உங்க ஊர் ஃப்ளாட்."

என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி கிராமக் கணக்குகளோடும் புலப்படங்களோடும் போனது. எங்கள் ஊர் சப்பை என்று பேரன் சொல்லலாம். எங்கள் ஊர்த் தண்ணீர் அதை ஒப்புக்கொள்ளாது. அந்த விடுமுறை முழுவதும் தாத்தாவும் பேரனும் இந்த மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்ததையும், அதையொட்டி நான் தேடிப் படித்த பழைய கதையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பூகோள வகுப்பில் எங்கள் முசியே ஒரு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து, குறுக்கே வில்லை வில்லையாக வெட்டுவார். ஒவ்வொரு வில்லையையும் காகிதத்தில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் வரும். "கூர்ப் த நிவோ" என்று பலகையில் எழுதுவார். சம உயரக் கோடு என்று அதற்குத் தமிழில் பெயர் இருப்பது எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். மோன் பிளான் சிகரம் 4,807 மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பக்கத்தில் இருக்கும் ஊசுட்டேரிக் கரை எத்தனை அடி உயரம் என்று எவரும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

நிலத்தை மேடு பள்ளத்தோடு செய்து பார்க்கும் ஆசை கணினியோடு வந்ததல்ல. பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில், 1668 வாக்கில், அவருடைய போர் அமைச்சர் லூவ்வா கோட்டை நகரங்களை மரத்திலும் அட்டையிலும் பொம்மை நகரங்களாகச் செய்யச் சொன்னார். 600 அடி நிலம் பொம்மையில் 1 அடி. வீடு, மரம், அகழி, சுற்றியுள்ள குன்று எல்லாம் அளவெடுத்துச் செய்தவை. பீரங்கியை எந்த மேட்டில் வைத்தால் எந்தச் சுவர் விழும் என்று அரண்மனையில் உட்கார்ந்தபடியே பார்ப்பதற்காக. அவற்றில் பல இன்றும் பாரிசின் அன்வாலீத் மாளிகையில் இருக்கின்றன. அதாவது இந்த முப்பரிமாண நிலக்காட்சிகள் அழகுக்காகச் செய்யப்படவில்லை. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பது உயிர் போகிற விஷயமாக இருந்ததால் செய்யப்பட்டன.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல். அதை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகக் கட்டிய பெரும் அளவைக்கு அதுதான் அடிக்கோடு. கோணம் பார்க்க இங்கிலாந்தில் செய்த, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், மறுபடி பக்குவமாகக் கட்டிச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். பிரெஞ்சு வாத்தியார்களிடம் படித்தவன் என்பதால் இந்த இடம் வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தக் கருவி மலை உச்சியிலிருந்து மலை உச்சியைப் பார்த்து வேலை செய்வது. மலைநாட்டில் சுலபம். காவிரிச் சமவெளிக்குப் போனபோது லாம்டன் திணறினார். ஏறி நிற்க மேடு இல்லை. கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். லாம்டன் கூடாரத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். மலையை அளப்பதைவிடச் சமவெளியை அளப்பது கடினம் என்பது இருநூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்த பாடம்.

இனி கணினிக்கு வருவோம். பேரன் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துப் பார்த்தால், கணினியில் நிலம் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கற்பனையாக உண்டாக்குவது. மற்றது, அளந்து வைத்ததை எடுத்துக் காட்டுவது.

கற்பனை வழிக்கு மூலபுருஷர் பெனுவா மாண்டல்பிரோ. போலந்தில் பிறந்து, சிறுவயதில் பிரான்சுக்கு வந்து, பாரிசில் படித்தவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தார். மலையும் மேகமும் கடற்கரையும் முக்கோணம், வட்டம் என்ற கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆனால் அவற்றில் ஒரு ஒழுங்கு உண்டு, மலையின் சிறு துண்டை எடுத்துப் பெரிதாக்கினால் அதுவும் மலையைப் போலவே இருக்கும் என்றார். அந்த வடிவங்களுக்கு "ஃபிராக்டல்" என்று பெயர் வைத்து 1975-ல் பிரெஞ்சில் புத்தகம் எழுதினார். அவர் எழுத்தைப் படித்த லோரன் கார்ப்பென்டர் என்பவர் போயிங் விமானக் கம்பெனியில் கணினி வேலை பார்த்துவந்தார். அந்தக் கணக்கை வைத்து மலைகளை உண்டாக்கி, அவற்றின் மேல் பறந்துபோவது போல இரண்டு நிமிடப் படம் செய்து 1980-ல் திரையிட்டார். படத்தின் பெயர் "வோல் லீப்ர்". சுதந்திரமாகப் பறத்தல் என்று பொருள். அமெரிக்கர் செய்த படத்துக்குப் பிரெஞ்சுப் பெயர். உடனே அவரை ஹாலிவுட் அழைத்துக்கொண்டது. 1982-ல் வந்த ஸ்டார் டிரெக் இரண்டாம் படத்தில், செத்துக் கிடந்த ஒரு கிரகத்தில் மலைகள் முளைத்தெழும் காட்சி அவர் கைவேலையும் சேர்ந்ததுதான்.

அதன்பின் வீட்டுக் கணினியிலேயே இதைச் செய்யும் மென்பொருள்கள் வந்தன. 1994-ல் "பிரைஸ்". பிறகு பாரிசில் பிறந்த "வ்யூ". பிரெஞ்சில் பார்வை என்று அர்த்தம். கடற்கொள்ளையர் படங்களில் வரும் காடுகளுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிறகு இங்கிலாந்தில் செய்த "டெராஜென்". பேரனின் சுவிட்சர்லாந்து பிறந்தது அதில்தான்.

அளக்கும் வழி வேறு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்தில் 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தை நீட்டி, இரண்டு ரேடார் ஆன்டெனாக்களை வைத்து, 11 நாட்களில் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கின் உயரத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு கண்ணால் பார்க்கும்போது நமக்குத் தூரம் தெரிகிறதல்லவா, அதே தத்துவம். நம்மவர்களும் விடவில்லை. 2005 மே 5 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 புறப்பட்டது. புதிதாகக் கட்டிய இரண்டாவது ஏவுதளத்திலிருந்து போன முதல் ராக்கெட் அது. எங்கள் பக்கத்தில் ராக்கெட் விடுவதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், மொட்டை மாடி போதும். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகைக்கோடு ஏறும். அந்தச் செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள். ஒன்று முன்பக்கம் 26 பாகை சாய்ந்தும், மற்றது பின்பக்கம் 5 பாகை சாய்ந்தும் ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் படம் பிடிக்கும். அதிலிருந்து கணக்கிட்ட உயரத் தகவலை இஸ்ரோவின் "புவன்" தளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் கடலோரப் பகுதியின் சம உயரக் கோட்டுத் தாளைக் கண்ணால் பார்ப்பதற்கே கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டும். இன்று கல்லூரிப் பையன் கரும்பு கடித்துக்கொண்டு இறக்குகிறான்.

சரி, எங்கள் சோதனைக்கு வருகிறேன். நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்தேன். "எங்கள் ஏரிக்கரை தெரிகிறதா?"

முதலில் டெராஜென். அளந்த உயரத் தகவலை அதற்குள் ஏற்றினோம். தோசைக்கல் வந்தது. "கொஞ்சம் டீடெயில் சேர்க்கறேன் தாத்தா" என்று பேரன் ஒரு பொத்தானைத் தட்டினான். நிலத்தில் புல் முளைத்தது, சிறு மேடுகள் எழுந்தன, ஓடை ஓடிய தடம் போல வரிகள் விழுந்தன. பார்க்க அசல் நிலம். ஆனால் ஓடை காட்டிய இடத்தில் எங்கள் ஊரில் ஓடை கிடையாது. அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஓடை இருக்கும் இடத்தில் அது புல்தரை காட்டியது. இது மென்பொருளின் குற்றமல்ல. தெரியாத இடத்தை நம்பும்படி நிரப்புவதுதான் அதன் தொழில். சினிமாவுக்கு அதுதான் வேண்டும்.

அடுத்து கூகுள் எர்த். அங்கே நிலத்தின் மேல் செயற்கைக்கோள் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். சிப்காட் கூரைகள், ஜி.என்.டி. சாலை, ரயில் பாதை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கரையின் பனைமரங்கள்கூடப் புள்ளி புள்ளியாக இருந்தன. ஆனால் சாய்த்துப் பார்த்தால் கரை தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. சமுக்காளத்தில் நெய்த பூவைப் போல.

மூன்றாவது "கியூஜிஐஎஸ்". யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2018-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் முப்பரிமாணமாகவும் காட்டும். அழகு இல்லை, அலுவலகப் பதிவேடு மாதிரி இருக்கும். அதனாலேயே எனக்குப் பிடித்தது. உயரத்தை மட்டும் இருபது மடங்காக்கிக் காட்டச் சொன்னேன். இப்போது நிலம் படிக்கட்டுப் படிக்கட்டாக எழுந்தது. ரேடார் தகவலில் உயரத்தை முழு மீட்டராகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அரை மீட்டர், கால் மீட்டர் என்ற பேச்சே இல்லை. நடுநடுவே மேடுகளும் தெரிந்தன. பேரன் குதித்தான், "கரை தாத்தா!" பார்த்தால் அது மாந்தோப்பு. ரேடாருக்கு மரத்தின் தலையும் தரைதான்.

கரை ஏன் தெரியவில்லை என்பதைப் பேரன் விளக்கினான். இலவசத் தகவலில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு உயரம்தான். எங்கள் கரை மேலே ஒரு மாட்டு வண்டி போகும் அகலம். கரையும், அதன் இருபுறப் பள்ளமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து சராசரியாகிவிடுகின்றன. அதோடு கார்ட்டோசாட் உயரத் தகவலில் 8 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இமயமலையில் 8 மீட்டர் ஒரு பொருட்டல்ல. எங்கள் ஊரில் இரண்டு ஆள் உயரக் கரைதான் ஊரையே காக்கிறது.

இன்னொன்றும் பார்த்தோம். கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னைக் குடிநீருக்காக அரை டி.எம்.சி. பிடிக்கும். 2000-ம் ஆண்டின் ரேடார் நிலத்தில் அது இல்லை. பழைய இரண்டு ஏரிகளின் காலத்து நிலம் அப்படியே நிற்கிறது. திரையில் தெரிவது இன்றைய நிலம் என்று எவரும் நம்பிவிடக்கூடாது.

இந்தக் கரை விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று பேரன் கேட்டான். சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஏரிக்கு மேற்கே புன்செய் நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்கும் விண்ணப்பம். புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் வரத்துக்கால் இரட்டைக் கோடாக இருந்தது. நம் புலப்படத்தில் எல்லைக் கல்லுக்குக் கல் நீளம் இருக்கும், உயரம் இருக்காது. மேடு பள்ளமெல்லாம் நீர்க்கட்டியின் தலையிலும் பழைய கர்ணத்தின் தலையிலும் இருந்தன. 1980-ல் கர்ணம் பதவியை எடுத்துவிட்டார்கள். விவசாயம் குறைந்ததும் நீர்க்கட்டிக்கும் வேலையில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தது மே மாதம். கால்வாய் வறண்டு, முள் மண்டிக் கிடந்தது. "தற்போது நீரோட்டம் இல்லை" என்று குறிப்பு எழுதினேன். பொய்யில்லை. மேலே போன கோப்பு கையெழுத்தாகித் திரும்பி வந்தது.

2015 டிசம்பர் மழையில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியிருந்தது. சோற்றுப் பொட்டலம் கொடுக்கப் போனவர்களோடு நானும் போனேன். ஒரு அம்மா கட்டிலின் மேல் அரிசி மூட்டையை வைத்து, அதன் மேல் கைக்குழந்தையை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயா, புண்ணியமா போகும்" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

விடுமுறையின் கடைசி மூன்று நாள் காலையில் ஒரு வேலை செய்தோம். கொத்தனாரிடம் தண்ணீர் ட்யூப் இரவல் வாங்கினோம். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். லட்ச ரூபாய்க் கருவிக்கு உள்ள நேர்மை அதற்கும் உண்டு. ஒரு முனையைப் பேரன் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, கலங்கலில் தொடங்கி, வரத்துக்கால் இருந்த தடம் வழியாக, அந்தத் தெரு, அதற்கப்பால் ரோட்டுப் பாலம் வரை ஐம்பது அடி ஐம்பது அடியாக அளந்தோம். வழி காட்ட ஊரின் பழைய நீர்க்கட்டி வந்தார். எண்பது தாண்டியவர். குழாயைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சார், தண்ணிக்கு மேப்பு தெரியாது, மேடு தெரியும்" என்றார்.

கணக்குப் போட்டால், தண்ணீர் வெளியேற வேண்டிய பாலத்தின் அடிமட்டத்தைவிட அந்தத் தெரு ஒன்றேகால் அடி பள்ளம். எந்த விண்கலமும் காட்டாத ஒன்றேகால் அடி.

பேரன் அந்த அளவுகளைக் கியூஜிஐஎஸ்ஸில் புள்ளி புள்ளியாக ஏற்றினான். கரையைக் கையால் எழுப்பினான். பிறகு நீல நிறத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டினான். முதலில் நிறைந்தது அந்தத் தெருதான்.

எனவே என் மதிப்பீடு இது. கதைக்கும் சினிமாவுக்கும் என்றால் டெராஜென் மாதிரி மென்பொருள்களுக்கு ஈடில்லை. ஊரைச் சுற்றிக் காட்ட கூகுள் எர்த் போதும். தண்ணீர் எங்கே போகும் என்று அறிய வேண்டுமானால், அழகில்லாத மென்பொருளை எடுத்துக்கொண்டு, அதற்குள் போடும் அளவை நாமே போய் எடுக்க வேண்டும். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்தால் சில அங்குலம் வரை உயரம் கிடைக்குமாம். அது எல்லா ஊருக்கும் வரும்வரை தண்ணீர் ட்யூபும் பெரியவர்களும்தான் துணை.

படத்தை அந்த நீர்க்கட்டிப் பெரியவரிடம் காட்டினோம். கண்ணுக்கு அருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் சரிதான் சார். வடக்கு மதகை விட்டுட்டீங்களே" என்றார். அது மண்ணில் புதைந்து முப்பது வருடமாகிறதாம். இடத்தைக் குச்சியால் தட்டிக் காட்டினார். குறித்துக்கொண்டோம்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். அந்தத் தெருவின் அளவுகளைத் தெளிவாக எழுதி, ஊராட்சியில் கொடுக்க ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். பாலத்தை இன்னும் தாழ்த்தி, கால்வாயை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறேன். இந்த முறை உயரங்களையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் கலங்கல் எந்தப் பக்கம், வரத்துக்கால் எந்த வழி என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்த மழைக்கு முன் ஒரு பேரப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு நடந்து போய்க் காட்டிவிடுங்கள்.